துப்பாக்கிக்கு நெய் தடவலாமா?

கருமருந்துத் துப்பாக்கியைச் சுத்தம் செய்ய மிகச் சிறந்த பொருள் எது தெரியுமா? அழகான புட்டியில் அடைத்து விற்கும் விலையுயர்ந்த திரவம் இல்லை. தண்ணீர். நம் சமையலறைக் குழாயைத் திறந்தால் கொட்டுமே, அதேதான். பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் இரண்டு சொட்டு சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது.

"சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு துப்பாக்கி துடைப்பதைப் பற்றி எழுதுகிறாயே, நமக்கு எதற்கு?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். ஆயுதக் குற்றங்களுக்கு 1973-லிருந்து மரண தண்டனை வரை விதிக்கும் சட்டம் இருக்கும் ஊர் இது. நம்மில் பெரும்பாலோர் துப்பாக்கியைத் தொட்டது தேசிய சேவையில் மட்டுமே. ஆனாலும் இந்த விஷயத்துக்குள் கொஞ்சம் வேதியியல் இருக்கிறது, கொஞ்சம் சமையலறை இருக்கிறது, ஒரு பேரரசையே உலுக்கிய கொழுப்புத் தகராறு ஒன்றும் இருக்கிறது. அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில், எந்தத் துப்பாக்கியைச் சொல்கிறேன் என்று தெளிவாக்கிவிடுகிறேன். தோட்டாவைப் பின்பக்கம் செருகிச் சுடும் இன்றைய துப்பாக்கி இல்லை. குழாயின் வாய் வழியாகவே மருந்தைக் கொட்டி, அதன்மேல் ஈயக் குண்டை வைத்து, நீண்ட கோலால் அடி வரை இடித்து இறக்கிச் சுடுவது. தமிழ்நாட்டில் 'நாட்டுத் துப்பாக்கி' என்று சொல்வார்களே, நரிக்குறவர்கள் தோளில் மாட்டிக்கொண்டு போவார்களே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. அமெரிக்காவில் இன்றும் இதை ஆயிரக்கணக்கானோர் பொழுதுபோக்காகவும் வேட்டைக்காகவும் வைத்திருக்கிறார்கள். இந்தியானா மாநிலத்தில் ஃபிரண்ட்ஷிப் என்ற சின்ன ஊரில் இவர்களுக்கென்றே ஒரு தேசியச் சங்கம் போட்டிகள் நடத்துகிறது. அந்தச் சங்கம் 1933-இல் தொடங்கப்பட்டது. பென்சில்வேனியாவில் 1974 முதல் கிறிஸ்துமஸை ஒட்டி மான் வேட்டைக்குத் தனிப் பருவமே உண்டு. அதில் சிக்கிமுக்கிக் கல் உரசித் தீப்பொறி பறக்கும் பழைய வகைத் துப்பாக்கிக்கு மட்டும்தான் அனுமதி.

என் சித்தப்பா மகன் பென்சில்வேனியாவில்தான் இருக்கிறார். கணினித் துறையில் வேலை. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர், ஓய்வுபெற்ற தச்சர், அவரை இந்தப் பழக்கத்துக்கு இழுத்துவிட்டார். அண்ணன் வேட்டைக்குப் போவதில்லை. காகித இலக்கைச் சுடுவதோடு சரி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் குளிர்கால விடுமுறையில் நான் அங்கே போயிருந்தபோது, சுடுவதற்கு அரை மணி நேரம், சுத்தம் செய்வதற்கு ஒரு மணி நேரம் என்று ஒரு நாள் கழிந்தது. எனக்குச் சுடுவதைவிடச் சுத்தம் செய்வதுதான் சுவாரசியமாக இருந்தது.

காரணம், தேசிய சேவையில் நான் கற்றுக்கொண்டதற்கு அது நேர் எதிர். சுடுதளத்திலிருந்து திரும்பிய இரவுகளை நினைத்துப் பாருங்கள். எஸ்ஏஆர் 21-ஐப் பிரித்துப் பரப்பி, வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, ஃபிளானல் துணியில் எண்ணெய் தொட்டுத் தேய்தேய் என்று தேய்ப்போம். சார்ஜண்ட் வந்து விரலை விட்டுப் பார்த்து, "இன்னும் கரி இருக்கு" என்பார். மறுபடியும் எண்ணெய். தண்ணீரா? துப்பாக்கிக்குப் பக்கத்தில் தண்ணீர்ப் புட்டியை வைத்தாலே திட்டு விழும்.

பென்சில்வேனியாவில் அந்தப் பெரியவர் தம் துப்பாக்கிக்குள் ஒரு கெட்டில் நிறையத் தண்ணீரை ஊற்றினார்.

ஏன் இந்த வித்தியாசம்? இன்றைய தோட்டாக்களில் இருப்பது புகையில்லா மருந்து. பிரான்ஸில் பால் வியேய் என்பவர் 1884-இல் உருவாக்கியதன் வழிவந்தது. எரிந்தால் ஏறக்குறைய முழுவதும் வாயுவாகிவிடும். மிச்சம் இருக்கும் கொஞ்சம் கரி எண்ணெய்ப் பசையோடு போய்விடும். கருமருந்து அப்படி இல்லை. 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு மரக்கரி, 10 பங்கு கந்தகம். எரிந்த பிறகு எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். கொஞ்சம் புகையாகப் பறக்கும், மீதி குழாய்ச் சுவரில் கறுப்பு அப்பமாக ஒட்டும். அதில் பெரும்பகுதி என்ன? பொட்டாசியம் கார்பனேட், பொட்டாசியம் சல்பேட், பொட்டாசியம் சல்பைடு. அதாவது உப்புகள்.

உப்பு எதில் கரையும்? இங்கேதான் கடைக்காரர்களின் வண்ணப் புட்டிகள் தோற்றுப்போகின்றன. பெட்ரோலியக் கரைப்பான்கள் எண்ணெயையும் பசையையும் கரைக்கும். உப்பைத் தொடக்கூட மாட்டா. மீன் குழம்பு வைத்த சட்டியை மண்ணெண்ணெயில் கழுவினால் எப்படியோ அப்படி. இன்னும் மோசம், சாதாரண இயந்திர எண்ணெய் இந்தக் கசடோடு கலந்தால் தார்போல் இறுகிவிடும். தண்ணீரோ அதை நொடியில் கரைத்து வெளியே கொண்டுவந்துவிடும். கூடவே அழுகிய முட்டை நாற்றமும் வரும். சல்பைடு தண்ணீரில் பட்டால் வரும் வாசம் அது. அண்ணன் வீட்டுக் குளியலறையில் அதை முகர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், சன்னலைத் திறந்து வைப்பது நல்லது.

கசடை அப்படியே விட்டுவிட்டால் என்ன ஆகும்? அந்த உப்புகள் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நம் வீட்டில் மூடி திறந்த உப்பு ஜாடி மழைக்காலத்தில் என்ன ஆகிறதோ, அதே கதை. ஆனால் இங்கே ஜாடி இரும்பு. ஈரமான காலநிலையில் ஒரே இரவில் துரு பிடித்துவிடும். குழாய்க்குள் திருகு போல ஓடும் வரிப்பள்ளங்களில் குழி விழுந்துவிட்டால் அதைத் திரும்பப் பெற முடியாது. அந்தப் பெரியவரின் துப்பாக்கி அவருடைய அப்பா கையால் மரம் செதுக்கிப் பொருத்தியது. அதனால் சுட்ட அன்றே, இரவு எத்தனை மணியானாலும், சுத்தம் செய்யாமல் சாப்பாட்டு மேசைக்கு வரமாட்டாராம்.

அவர் செய்ததைச் சொல்கிறேன். பக்கவாட்டில் தீப்பொறி நுழையும் சின்னத் துளை இருக்கும். அதைப் பல்குச்சியால் அடைத்தார். குழாயில் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிச் சில நிமிடம் நிற்கவிட்டார். கவிழ்த்தார். மை மாதிரி கறுப்பாகக் கொட்டியது. மறுபடி ஊற்றினார். நான்காவது முறை தண்ணீர் தெளிவாக வந்தது. பிறகு கோலின் நுனியில் பருத்தித் துணியைச் சுற்றி உள்ளே விட்டு விட்டு எடுத்தார். துணி வெள்ளையாக வரும்வரை. பிறகு உலர்ந்த துணி, பிறகு கொஞ்சம் ஆல்கஹால் தொட்ட துணி. கடைசியில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. சுவரில் சாய்த்து வைக்கும்போது குழாயின் வாய் கீழ்நோக்கி இருந்தது. எண்ணெய் வழிந்து மருந்து இருக்கும் அடிப்பகுதிக்கும் மரக்கட்டைக்கும் போகக் கூடாது என்பதற்காக.

கொதிக்கும் தண்ணீர் ஊற்றலாமா என்பதில் அங்கே இரண்டு கட்சி உண்டு. கொதிநீர் இரும்பைச் சூடாக்கும், அதனால் தானே சீக்கிரம் உலர்ந்துவிடும் என்பது ஒரு கட்சி. அந்தச் சூட்டில்தான் கண்ணெதிரே செம்பழுப்புத் துரு படர்கிறது என்பது இன்னொரு கட்சி. இரண்டுமே உண்மை. கரைக்கிற வேலையைத் தண்ணீர்தான் செய்கிறது, சூடு செய்யவில்லை என்பதால் என் ஓட்டு வெதுவெதுப்புக் கட்சிக்கு.

புட்டிகளே வேண்டாமா என்றால், சிலவற்றுக்கு வேலை இருக்கிறது. பாலிஸ்டால் என்று ஜெர்மனியில் 1904-இல் வந்த ஓர் எண்ணெய் தண்ணீரோடு கலந்து பால்போல் ஆகிவிடும். தண்ணீர் கசடைக் கரைக்கும், காய்ந்த பிறகு எண்ணெய் மட்டும் இரும்பின்மேல் தங்கும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். இதுபோல் தண்ணீரில் கரையும் எண்ணெய்க் கலவைகளை அமெரிக்கர்கள் 'கடமான் பால்' என்று செல்லமாக அழைக்கிறார்கள். நம் எல்லார் வீட்டு சேமிப்பறையிலும் இருக்கும் டபிள்யூடி-40? அந்த எழுத்துகளின் பொருளே 'நீரை விலக்குதல்' என்பதுதான். 1953-இல் நாற்பதாவது முயற்சியில் கிடைத்த கலவை என்பதால் அந்த எண். கழுவிய பிறகு மூலைமுடுக்கில் தங்கிய ஈரத்தை விரட்ட அது நன்றாக உதவும். ஆனால் மாதக்கணக்கில் துருவைத் தடுக்கும் காவலாளியாக அதை நம்ப முடியாது. அதற்கு மேல் தனியாக எண்ணெய் வேண்டும்.

ஒன்றை மட்டும் நான் ஏற்கமாட்டேன். மரச் சாமான்களுக்கான எண்ணெய்ச் சோப்பு, ஆல்கஹால், ஹைட்ரஜன் பெராக்ஸைடு மூன்றையும் சமமாகக் கலந்து ஊற்றுவது அங்கே பலருக்குப் பிடித்த கைவைத்தியம். நுரைத்துக்கொண்டு வரும், பார்க்கத் திருப்தியாக இருக்கும். ஆனால் பெராக்ஸைடு ஆக்ஸிஜனைத் தானம் செய்யும் பொருள். இரும்புக்கு ஆக்ஸிஜன் கொடுத்தால் அதன் பெயர் துரு. நுரைப்பது வேறு, சுத்தமாவது வேறு.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இப்போது கருமருந்துக்கு மாற்றாகப் பல மருந்துகள் வந்துவிட்டன. 1970களில் வந்த பைரோடெக்ஸில் பெர்குளோரேட் இருக்கிறது. எரிந்தால் குளோரைடு மிஞ்சும், அது கடல் காற்று மாதிரி இரும்பைத் தின்னும். டிரிப்பிள் செவன் என்பதில் கந்தகம் கிடையாது, அழுகிய முட்டை வாசமும் இல்லை. இரண்டுக்கும் தண்ணீர் போதும். ஆனால் பிளாக்ஹார்ன் 209 என்ற மருந்து நைட்ரோசெல்லுலோஸ் வகை. அதன் கசடைத் தண்ணீர் கரைக்காது, பெட்ரோலியக் கரைப்பான்தான் வேண்டும். ஆக, 'எந்தத் திரவம் நல்லது' என்று கேட்பதற்கு முன் 'எந்த மருந்தைச் சுட்டாய்' என்று கேட்க வேண்டும்.

இனி தோசைக்கல் விஷயத்துக்கு வருவோம். புது இரும்புத் தோசைக்கல்லை அம்மா எப்படிப் பழக்குவார்? எண்ணெய் தடவி, சூடேற்றி, வெங்காயத்தைத் தேய்த்து, நாள்கணக்கில். அப்புறம் சோப்புப் போட்டுத் தேய்க்க விடமாட்டார். அமெரிக்காவிலும் வார்ப்பிரும்பு வாணலி இருக்கிறது, அதே நம்பிக்கையும் இருக்கிறது. அந்த நம்பிக்கை துப்பாக்கிக்குத் தாவிவிட்டது. 'இயற்கையான பசையையே தடவித் தடவிச் சுட்டால் குழாய் பழகிவிடும், சோப்புப் போட்டால் பழக்கம் போய்விடும்' என்று பலர் நம்பினார்கள், சில விளம்பரங்களும் அதைச் சொல்லியே விற்றன. தோசைக்கல்லில் நடப்பது வேறு. அங்கே மெல்லிய எண்ணெய்ப் படலம் கடும் சூட்டில் நிலைத்து நின்று இறுகிப் பூச்சாகிறது. இன்றைய துப்பாக்கிக் குழாய் வழவழப்பான எஃகு. அதில் நடப்பது ஒரு கண வெடிப்பு, உடனே உப்புப் படிவு. 'பழகிய' பூச்சு என்று அவர்கள் மகிழ்ந்தது பல நேரம் பசையும் கசடும் சேர்ந்த அழுக்குதான். அதன் அடியில் துரு சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டிருக்கும். தோசைக்கல்லுக்கு அம்மா சொல்வது சரி. துப்பாக்கிக்கு அல்ல.

சுத்தம் செய்வது சுட்ட பிறகு. சுடும்போது தடவுவது அதைவிடப் பெரிய கலை.

ஈயக் குண்டை வெறுமனே குழாய்க்குள் போடுவதில்லை. பருத்தித் துணி வில்லை ஒன்றில் சுற்றித்தான் இறக்குவார்கள். குழாயின் உள்விட்டம் 0.50 அங்குலம் என்றால் குண்டு 0.490 அங்குலம், துணியின் கனம் 0.015 அங்குலம். கூட்டிப் பாருங்கள், இருபுறமும் துணி சேர்ந்தால் குழாயைவிடப் பெரிதாகிவிடுகிறது. அந்த இறுக்கம்தான் துணியை வரிப்பள்ளங்களுக்குள் அழுத்தி, குண்டைச் சுழலவைக்கிறது. சுழலும் குண்டுதான் நேராகப் போகும். துணி பருத்தியாகவோ லினனாகவோதான் இருக்க வேண்டும். பாலியெஸ்டர் கலந்திருந்தால் உருகிக் குழாயில் ஒட்டிக்கொள்ளும்.

அந்தத் துணியில்தான் மசகு தடவ வேண்டும். அதற்கு மூன்று வேலை. குண்டு எளிதாக இறங்க வேண்டும். முந்தைய வெடிப்பின் கசடு இறுகாமல் இளகி இருக்க வேண்டும். துணி கருகிவிடக் கூடாது.

அவசரத்துக்கு எச்சிலே போதும். கேலி இல்லை, போட்டியாளர்கள் பலர் துணியை வாயில் அதக்கிக்கொண்டுதான் நிற்பார்கள். எச்சிலில் இருப்பதும் தண்ணீர்தானே, கசடை அருமையாக இளக்கும். ஆனால் உடனே சுட்டுவிட வேண்டும். காலையில் நிரப்பிக்கொண்டு மாலைவரை காட்டில் நடப்பவருக்கு எச்சில் ஆகாது. ஈரம் மருந்துக்குள் இறங்கினால் வெடிக்காது, குழாயும் துருப்பிடிக்கும். அவர்களுக்குக் கொழுப்புதான். கரடிக் கொழுப்பு, மான் கொழுப்பு, ஆட்டுக் கொழுப்பு, மாட்டுக் கொழுப்பு என்று அமெரிக்கக் காடுகளில் கிடைத்ததெல்லாம் இதற்குப் பயன்பட்டது. ஒரு காலத்தில் திமிங்கில எண்ணெயும். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதைத் தடைசெய்தபோது பலர் வருத்தப்பட்டார்கள், திமிங்கிலங்கள் வருத்தப்பட்டிருக்காது.

எதைத் தேர்ந்தாலும் இரண்டு நிபந்தனை. உப்பு இருக்கக் கூடாது. கடையில் வாங்கும் உப்பு வெண்ணெயோ, பன்றி இறைச்சி வறுத்த கொழுப்போ தடவினால், போகவேண்டிய உப்பை நாமே உள்ளே கொண்டுவருகிறோம். இரண்டாவது, பருவநிலை. குளிரில் இறுகினால் குண்டு இறங்காது. வெயிலில் உருகினால் துணியைவிட்டு ஓடி மருந்தை நனைத்துவிடும். அதனால்தான் தேன்மெழுகு கலப்பது. அது உருக 60 டிகிரி செல்சியசுக்கு மேல் வேண்டும். வெயில் காலத்தில் மெழுகைக் கூட்டு, குளிர்காலத்தில் குறை. இதுதான் சூத்திரம்.

அண்ணன் வீட்டில் இந்தச் சூத்திரம் அண்ணியிடம் மாட்டிக்கொண்டது. அண்ணி சைவம். பெரியவர் மாட்டுக் கொழுப்பு டப்பா ஒன்றைப் பரிசாகக் கொடுத்திருக்கிறார். அண்ணன் அதை மெழுகோடு உருக்க அடுப்பங்கரைக்குப் போக, அண்ணி வாசலிலேயே மறித்துவிட்டார். "இந்தச் சட்டியில அத உருக்கினீங்கன்னா, அப்புறம் சாம்பாரை நீங்களே வச்சுக்குங்க." அண்ணன் யோசித்தார். உப்பில்லாத, தண்ணீரில்லாத, வீட்டிலேயே இருக்கும் கொழுப்பு ஒன்று உண்டே! நெய். நான்கு பங்கு நெய், ஒரு பங்கு தேன்மெழுகு, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து, நேரடித் தீயில் காட்டாமல் உருக்கினார்கள். ஆறியதும் மஞ்சளாக, வாசனையாக, தைலம் போல் இருந்தது. அண்ணி அந்த டப்பாவின் மேல் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தார்: "சாப்பிடக் கூடாது."

சுட்ட பிறகு தரையில் விழுந்து கிடக்கும் துணி வில்லைகளைப் பொறுக்கிப் பார்ப்பது அங்கே வழக்கம். பெரியவர் ஜோசியர் கைரேகை பார்ப்பதுபோல் பார்த்தார். நடுவில் கருகி ஓட்டை விழுந்திருந்தால் மசகு போதவில்லை, அல்லது துணி மெல்லியது. கத்தியால் கீறியதுபோல் இருந்தால் குழாய்க்குள் எங்கோ கூர்முனை. நெய் வில்லைகள் ஓரம் பழுப்பேறி, முழுதாக இருந்தன. "இது என்ன கொழுப்பு?" என்று கேட்டார். அண்ணன் சொன்னார். பெரியவர் முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது ஒரு டப்பா வாங்கிக்கொண்டு போனார்.

நெய்யும் தேன்மெழுகும். எனக்கு அந்த ஜோடியை முன்பே எங்கோ கேள்விப்பட்ட நினைவு. வானொலிக்காக வரலாற்றுத் தொடர் ஒன்றுக்குக் குறிப்பெடுத்தபோது படித்தது. 1857.

பள்ளிப் பாடத்தில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: 'பசு, பன்றிக் கொழுப்பு தடவிய தோட்டாவைக் கடிக்கச் சொன்னதால் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள்.' ஏன் கொழுப்பு தடவினார்கள் என்று யாரும் சொல்வதில்லை. சிப்பாய்களிடம் அதுவரை பெரும்பாலும் இருந்தது வரிப்பள்ளம் இல்லாத பழைய துப்பாக்கி. குண்டு தளர்வாகவே இறங்கும். மருந்தும் குண்டும் சுற்றிய காகிதப் பொட்டலத்தைப் பல்லால் கடித்துக் கிழித்துக் கொட்டுவார்கள். கடிப்பது தலைமுறை தலைமுறையாக நடந்ததுதான். பிறகு வந்தது 1853 மாதிரி என்ஃபீல்டு. வரிப்பள்ளம் உள்ள குழாய். கசடு இளகி இருக்கவும், குண்டு சுலபமாக இறங்கவும் காகிதத்தின் குண்டு முனையில் கொழுப்பு வேண்டியிருந்தது. புதிதாக வந்தது கடிப்பது அல்ல, கொழுப்பு. கடிக்கும் முனையும் கொழுப்பு முனையும் வேறு வேறு என்பது உண்மைதான். ஆனால் கட்டுக்கட்டாக அடுக்கிய காகிதத்தில், கல்கத்தா வெயிலில், கொழுப்பு ஒரு முனையிலேயே நிற்குமா?

இதில் மனத்தைக் கலக்குவது என்னவென்றால், எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. கொழுப்பு இந்தியத் தட்பவெப்பத்தைத் தாங்குமா என்று பார்க்க 1853-இல் தோட்டாக்களை அனுப்பினார்கள். வங்காளப் படையின் உயரதிகாரி கர்னல் டக்கர் அப்போதே எழுதினார், சாதிக்கும் மதத்துக்கும் உறுத்தாத கொழுப்பு என்று உறுதியாகத் தெரிந்தாலொழிய இதைச் சிப்பாய்களுக்குக் கொடுக்காதீர்கள் என்று. வெயிலில் உருகுமா என்று சோதித்தார்கள். எந்த விலங்கு என்று கேட்கவில்லை. கல்கத்தாவில் கொழுப்பு வாங்கியபோதும் அந்தக் கேள்வி ஒப்பந்தத்தில் இல்லை.

1857 ஜனவரியில் டம்டம் ஆயுதச் சாலையில் வேலைசெய்த தாழ்த்தப்பட்ட சாதித் தொழிலாளி ஒருவர், பிராமணச் சிப்பாயிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டதாகவும், அவர் செம்பைத் தர மறுத்ததாகவும் அதிகாரிகளின் பதிவில் இருக்கிறது. 'மாட்டுக் கொழுப்பையும் பன்றிக் கொழுப்பையும் கடிக்கப்போகிறீர்கள், அப்புறம் சாதி எங்கே இருக்கும்' என்று அந்தத் தொழிலாளி திருப்பிக் கேட்டாராம். செய்தி பரவியது. அரசு அதே மாதக் கடைசியில் இறங்கி வந்தது. கொழுப்பில்லாத தோட்டா தருகிறோம், நீங்களே கடைத்தெருவில் வாங்கி, உங்களுக்குப் பிடித்ததைத் தடவிக்கொள்ளுங்கள் என்றது. நெய்யும் தேன்மெழுகும் தடவிக்கொள்ளலாம் என்ற பேச்சு அப்போது வந்ததுதான்.

மசகு என்ற அளவில் அது சரியான விடை. அண்ணியின் டப்பாவே சாட்சி. ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது. கொழுப்பின் மேல் இருந்த சந்தேகம் காகிதத்தின் மேல் ஏறியது. காகிதம் ஏன் இப்படிப் பளபளக்கிறது, அதிலேயே கொழுப்பு ஊறவைத்திருக்கிறார்களோ? பிப்ரவரியில் பெர்ஹாம்பூரில் ஒரு படைப்பிரிவு தோட்டாவைத் தொட மறுத்தது. மார்ச் 29-இல் பாரக்பூரில் மங்கள் பாண்டே. ஏப்ரல் 24-இல் மீரட்டில் 90 பேரில் 85 பேர் மறுத்தார்கள். அவர்களுக்கு நீட்டப்பட்டது பழைய, பழகிய தோட்டா. அப்படியும் மறுத்தார்கள். மே 9-இல் அணிவகுப்பு மைதானத்தில் அவர்களுக்கு விலங்கு பூட்டினார்கள். மறுநாள் மீரட் எரிந்தது.

அவத் இராச்சியத்தைப் பறித்தது, சம்பளப் படி குறைத்தது, கடல் கடந்து போகச் சொன்ன 1856-ஆம் ஆண்டுச் சட்டம் என்று ஆழமான காரணங்கள் பல இருந்தன. வரலாற்றாசிரியர்கள் கொழுப்பைத் தீப்பொறி என்றுதான் சொல்வார்கள். தமிழர்களுக்கு இது புதிதும் இல்லை. 1806-இல் வேலூரில் தோல் பதித்த தலைப்பாகையும், நெற்றிக் குறிக்கும் தாடிக்கும் போட்ட தடையும் என்ன செய்தன என்று நமக்குத் தெரியும்.

அந்த 'கடல் கடந்து' என்ற சொல் நம் ஊரைத் தொடுகிறது. வங்காளச் சிப்பாய்கள் அஞ்சிய கடலைத் தாண்டித்தான் மெட்ராஸ் காலாட்படையினர், தமிழர்களும் தெலுங்கர்களுமாக, சிங்கப்பூரில் காவல் இருந்தார்கள். அவர்களுடைய படை பெரும்பாலும் கிளர்ச்சியில் சேரவில்லை. 1857 ஜூனில் எல்ஜின் பிரபு சீனாவுக்குப் போகும் வழியில் சிங்கப்பூரில் இறங்கியபோது கல்கத்தாவிலிருந்து உதவி கேட்டுக் கடிதம் காத்திருந்தது. சீனாவுக்கு என்று கிளம்பிய படைகளை அவர் இந்தியாவுக்குத் திருப்பிவிட்டது இங்கிருந்துதான்.

வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகளை யாராவது இப்படிப்பட்ட சுடுதளத்துக்கு அழைக்கலாம், அல்லது தமிழ்நாட்டில் உறவினர் வீட்டுச் சுவரில் தாத்தா காலத்துத் துப்பாக்கி தொங்கலாம். தண்ணீர், நெய், மெழுகு எல்லாவற்றுக்கும் முன் செய்யவேண்டிய ஒன்றைப் பெரியவர் காட்டினார். கோலைக் குழாயின் வெளிப்பக்கம் வைத்து, வாயிலிருந்து தீத்துளை வரை அளந்து கோலில் ஒரு குறி போட்டார். பிறகு உள்ளே விட்டார். குறி வரை இறங்கினால் குழாய் காலி. ஓரிரு அங்குலம் முன்பே தட்டி நின்றால், யாரோ எப்போதோ நிரப்பிவிட்டுச் சுடாமல் வைத்தது இன்னும் உள்ளே இருக்கிறது. நூறாண்டுப் பழைய துப்பாக்கிகள் அப்படிக் கிடைத்திருக்கின்றன, கருமருந்து உலர்ந்தே இருந்தால் அத்தனை ஆண்டுக்குப் பிறகும் வெடிக்கும். அப்படியானால் கையை எடுத்துவிட்டு, விவரம் தெரிந்தவரையோ காவல்துறையையோ கூப்பிட வேண்டியதுதான்.